பகல்ல பளிச்னு தெரியுற பலகை

அய்யோ, மேசை மேல வைக்காதீங்க சார். டியூப்லைட்டுக்குக் கீழ எல்லா ரோட்டுப் பலகையும் அழகாத்தான் இருக்கும், போட்டோ எடுக்குறப்ப எல்லாரும் நல்லவங்களா தெரியுற மாதிரி. ஸ்டோர் ரூமுக்குள்ள வாங்க. சன்னலைச் சாத்திட்டா பட்டப்பகல்லயே கும்மிருட்டு. இந்தாங்க டார்ச். இடுப்புகிட்ட பிடிச்சா ஒண்ணும் தெரியாது, கண்ணை ஒட்டிப் பிடிங்க. ஆங், அப்படித்தான். வெளிச்சம் போன வழியே திரும்பி வரணும், வண்டி ஓட்டுறவங்க கண்ணுக்கு.

பலே. மின்னுது சார், பொய் சொல்லக் கூடாது. சிவப்பு எத்தனை வருஷம் தாங்கும்? பத்தா? சும்மா அடிச்சு விடாதீங்க. வெயில்ல முதல்ல வெளுக்குறதே சிவப்புதான். ஏழுன்னு சொல்லுங்க, நம்புறேன். ஓரத்தை நகத்தால சுரண்டுறேன், கோவிச்சுக்காதீங்க. ம்... உரியல. நல்ல சரக்குதான்.

ஆர்டரா? அதுக்குத்தானே இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்திருக்கீங்க, புரியுது. கொஞ்சம் இருங்க. அந்த அலமாரிக்குப் பின்னால ஒரு பலகை சாய்ச்சு வச்சிருக்கேன் பாருங்க, வளைவுப் பலகை. அதுல டார்ச் அடிங்க.

தெரியல இல்ல? டார்ச்ல கோளாறு இல்ல சார், இன்னொரு தடவை அடிச்சாலும் அப்படித்தான். இப்ப சன்னலைத் திறக்குறேன். பாத்தீங்களா, புதுப் பலகை மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு.

நான்தான் பண்ணேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி பெரிய அதிகாரி ரோட்டைப் பாக்க வர்றார்னு காலையில தகவல். பலகை பூரா லாரிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சா ஒரு பலகைக்கு அரை மணி நேரம் ஆகும். பெயிண்ட் அடிக்கிறவங்க தின்னர் டின் இருந்துச்சு. அதைத் துணியில நனைச்சுத் துடைங்கன்னு ஆளுங்ககிட்ட சொன்னேன். ஒரே இழுப்பு சார், பளிச்! மதியத்துக்குள்ள முப்பத்திரெண்டு பலகை. அதிகாரி வண்டியை விட்டு இறங்கி, இந்த ஜூனியர் இன்ஜினியர் அம்மா வேலையைப் பாருங்கய்யான்னு எல்லார் முன்னாலயும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியல. ஒரு வாரம் வீட்டுல அதையே சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற மேல் படலத்தைத் தின்னர் அரிச்சுடும்னு உங்களை மாதிரி ஒருத்தர் வந்து இந்த டார்ச் வித்தையைக் காட்டின பிறகுதான் தெரியும். அதுக்குள்ள நடக்க வேண்டியது நடந்து போச்சு. மழைச் சாயங்காலம், நல்லா இருட்டிடுச்சு, அந்த வளைவுல ஒரு பைக் நேராப் போய் மதகுச் சுவத்துல மோதிடுச்சு. ஆள் அங்கேயே முடிஞ்சாச்சு. பலகை எப்படி இருந்துச்சுன்னு போலீஸ்ல கேட்டாங்க. மறுநாள் உச்சி வெயில்ல நானே போய்ப் பாத்தேன். அந்த ரோட்டுப் பலகைகள் நல்ல நிலையில் உள்ளன, தெளிவாகத் தெரிகின்றன அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன் சார். வேகமா வந்ததால விபத்துன்னு கேஸை மூடிட்டாங்க.

விஷயம் தெரிஞ்சதும் முதல் வேலையா அந்த ஒண்ணை மட்டும் கழட்டிட்டு, ஸ்டோர்ல கடைசியா கிடந்த புதுசை மாட்டினேன். மிச்சம் முப்பத்தொண்ணு இன்னும் ரோட்டுலதான் நிக்குது. மாத்தணும்னு அஞ்சு தடவை ஃபைல் அனுப்பிட்டேன். அஞ்சு தடவையும் திரும்பி வந்துச்சு. என்ன எழுதி வருது தெரியுமா? அந்த ரோட்டுப் பலகைகள் நல்ல நிலையில் இருப்பதாக நீங்களே அறிக்கை கொடுத்திருக்கிறீர்களேன்னு. கூடவே என் அறிக்கையோட நகல், என் கையெழுத்தோட.

தப்பா எழுதிட்டேன்னு மாத்திக் கொடுக்கலாம்தான். நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? வேலை போயிடும்னு பயமான்னு கேட்டா, முதல் வருஷம் அந்தப் பயம் இருந்துச்சு. இப்ப அது இல்ல. பேப்பரை எடுத்து வைப்பேன், ரெண்டு வரி எழுதுவேன், அவ்வளவுதான், கை ஓடாது. எழுதிட்டா அது வீடு வரைக்கும் வந்துடும்.

அதனால சார், உங்க பலகை நல்ல பலகை. வேற ஆபீஸ்ல காட்டுங்க, எங்கயாவது நாலு வளைவுல நிக்கட்டும். இங்க எடுக்க மாட்டாங்க. நானும் எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இருங்க, போன் அடிக்குது... சொல்லுங்க அண்ணி. ம். வந்துடுவேன். இல்ல, பஸ்லதான் வருவேன், யார் வண்டியிலயும் ஏற மாட்டேன். சரி. சரி அண்ணி.

என் அண்ணன் சம்சாரம். அவன் போனதுல இருந்து என்கூடத்தான் இருக்காங்க. தினமும் சாயங்காலம் இதே போன்தான். பைக்ல வராதே, உங்க அண்ணன் மாதிரி கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறவங்க பின்னால உக்காராதேன்னு. இப்பவும் சோறு போட்டுக்கிட்டே அவனைத் திட்டுவாங்க, அப்படி என்ன அவசரம் அந்த மனுஷனுக்குன்னு. நானும் ம் கொட்டிட்டுச் சாப்பிடுவேன்.

அவன் நாப்பதைத் தாண்டி ஓட்டினதே இல்ல சார்.