ஐஸுக்காக நின்ற கப்பல்

— லாத்தா, வெயில்ல வந்திருக்காங்க. உக்காரச் சொல்லு.

— எதுக்குடா தம்பி இப்ராஹிமு? நிக்கறது அவருக்குப் பழக்கம்தானே. நடுக்கடல்லயே நின்னவரு.

— நீங்க ஆரிபாதானம்மா? நான் சுவாமிநாதன். உங்க வீட்டுக்காரர் காஜா மைதீன் சமையல் பண்ணின கப்பல்ல...

— தெரியும் சார். தென்துருவத்துக்குப் போயி ஐஸு தோண்டினவரு. எங்க காரைக்கால்ல, கிளிஞ்சமேட்டு ஐஸ் கம்பெனியில மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு, மீன் பொட்டியில போட. ஐஸு வாங்கக் கப்பலேறிப் போன புத்திசாலிய இப்பத்தான் பாக்கறேன்.

— முன்னாடியே வந்திருக்கணும். அவர் போனப்பறம் நீங்க இருக்கற நாலு மாச இத்தா முடியட்டும்னு காத்திருந்தேம்மா.

— காத்திருக்கறதுல கெட்டிக்காரரு. கடத்தெருவே சொல்லுதே. எம் புருசன் வயித்தப் புடிச்சிக்கிட்டுத் துடிக்கறப்ப, கப்பல நிறுத்திவெச்சிக்கிட்டு ஐஸுக்குக் காவல் இருந்தீங்களாமே!

— யாரும்மா சொன்னது?

— அதே கப்பல்ல வேல பாத்த நாகூர்க்காரன் ஒருத்தன். ஐஸு வெச்சிருந்த ரூம்புல மெஷினு கெட்டுப்போச்சாம். எடுத்து மேல்தட்டுல பரப்புனீங்களாம். குளுந்த கடல விட்டு நவுந்தா கரைஞ்சிடும்னு கப்பலு அங்கயே நின்னுச்சாம். இல்லன்னு சொல்லுங்க பாப்போம்.

— நின்னது நெசம். பின்னால வர்ற கப்பல்ல மெஷினுக்குச் சாமான் வரும், அதுவரைக்கும் நிக்கலாம்னு நான்தான் கேப்டன்கிட்ட கேட்டேன்.

— கேட்டுக்கடா இப்ராஹிமு. அவரு வாயாலயே சொல்றாரு.

— லாத்தா, அவங்க சொல்லி முடிக்கட்டும்.

— என்னத்த முடிக்கறது? அப்படி என்ன சார் இருந்துச்சு அந்த ஐஸுல? தங்கமா?

— காத்தும்மா. பல்லாயிரம் வருசத்துக்கு முந்தி பேஞ்ச பனி அது. அன்னிக்கு இருந்த காத்து சின்னச் சின்னக் குமிழா உள்ள அடைஞ்சு கெடக்கு. அத வெச்சு பூமி எப்பச் சூடாச்சு, எப்பக் குளுந்துச்சுன்னு கண்டுபுடிக்கலாம். இனிமே எப்படி ஆவும்னுகூட ஓரளவுக்குச் சொல்லலாம். உருகிட்டா அந்தக் காத்து போயிடும்.

— காத்து! எங்க வாப்பா காலத்துலேருந்து கப்பலேறுற குடும்பம் இது. மொளகு ஏத்தினாங்க, துணி ஏத்தினாங்க. காத்த ஏத்திக்கிட்டு வந்தவன் ஒருத்தனும் இல்ல. எம் புருசன் மூச்சு போனாப் போவட்டும், பல்லாயிரம் வருசத்து மூச்சு போயிடக்கூடாது. அப்படித்தானே சார்?

— அவருக்கு வலி வந்தது கப்பல் நின்னதுக்கு மறுநாள்தாம்மா. குடல்வால் வெடிச்சிடுச்சு. கப்பல் டாக்டரால ஒண்ணும் முடியல. பெரிய ஆஸ்பத்திரின்னா மொரீசியஸ்தான். போறதுன்னா சூடான கடல்ல நாள் கணக்குல ஓடணும்.

— மச்சான மொரீசியஸ்லதான் அடக்கம் பண்ணாங்க லாத்தா. தந்தியில வந்துச்சே.

— செத்தப்பறம் மையத்தக் கரையில எறக்கினதுக்கு மெடல் குத்தி அனுப்பு. ஐஸுக்குச் சேதாரமில்லாம பாத்துக்கிட்டு, எல்லாம் முடிஞ்சப்பறம் சாவகாசமாப் போயிருப்பாங்க. எந்த ஊருல சார் பூட்டி வெச்சிருக்கீங்க அத? சொல்லுங்க. ஒரு நாளு வந்து அது மேல காறித் துப்பிட்டுப் போறேன்.

— லாத்தா!

— நீ சும்மா இருடா. எந்த ஊரு சார்?

— அது இல்லம்மா.

— எது இல்ல?

— ஐஸ். அவருக்கு வலி வந்த அன்னிக்கே கப்பல மொரீசியஸுக்குத் திருப்பச் சொன்னேன். குளுந்த கடல் தாண்டினதும் மேல்தட்டெல்லாம் தண்ணி. கரை தெரியறதுக்குள்ள ஐஸும் போயிட்டு, அவரும் போயிட்டாரு.

— ...திருப்பிட்டீங்களா?

— ஆமாம்மா.

— எங்க வீட்டுல யாரும் இத சொல்லலையே. நாலு மாசமா ஒருத்தரும் சொல்லலையே.

— அதச் சொல்லத்தாம்மா வந்தேன்.

— கடைசியில அவங்க பக்கத்துல யாரு இருந்தாங்க?

— நான்தான் இருந்தேன்.

— எதாவது கேட்டாங்களா சார்?

— தண்ணி கேட்டாரு. மேல்தட்டுல உருகாம ஒரு விரக்கடை ஐஸ் துண்டு மிஞ்சிக் கெடந்துச்சு. அதத்தான் எடுத்து அவரு நாக்குல வெச்சேம்மா.