அப்புசாமி அண்ணனின் பதினாறு எண்கள்

கீபோர்டை வாரம் ஒருமுறையாவது ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகளின் மேல் பிசுக்கு ஏறிவிடும். எங்கள் கணபதிப் பகுதியில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். சுற்றிலும் லேத்துப் பட்டறைகள். கடைக்கு வருகிறவர் விரலில் எல்லாம் கிரீஸ். ‘ஆரம்பத்திலிருந்து எழுது’ என்று சொன்னீர்கள், ஆய்வாளர் ஐயா. என்னைப் பொறுத்தவரை ஆரம்பம் இதுதான். நான் சுத்தமாகத் தொழில் செய்தவன்.

பெயர் சென்னகிருஷ்ணன். வயது முப்பத்தாறு. போன வருடம், அதாவது 1998 ஆவணியில், ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையின் மேல்மாடியில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்தேன். திறந்த அன்றே சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். ‘உங்கள் கார்டு எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். முன்பின் தெரியாத இன்டர்நெட் கடைகளில் வாங்காதீர்கள். மாதாமாதம் வரும் ஸ்டேட்மென்டைப் படியுங்கள்.’ கணபதியில் அப்போது கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களுக்கு ஒரு போர்டா என்று கீழ்க்கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிலர் வந்தார்கள். நின்று படித்தார்கள். ‘பரவால்லீங்களே, வெவரமான ஆளா இருக்கறீங்க’ என்று பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, கார்டை என் கையில் கொடுத்தார்கள்.

அப்படிக் கொடுத்தவர்களில் முதல் ஆள் அப்புசாமி அண்ணன். பம்பு செட் தயாரிக்கிறவர்; கண்காட்சிக்கு வருடம் ஒருமுறை ஜெர்மனி போகிறவர் என்பதால் வெளிநாட்டில் செல்லும் கார்டு அவரிடம் இருந்தது. வயது ஐம்பத்தெட்டு. விமானத்தில் போய்ப் போய், அதை ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

“ஏனுங்க தம்பி, ஏரோப்ளேன் ஓட்டற கேமு ஒண்ணு இருக்குதாமா? கடைவீதியில ஒரு சிடி வாங்குனனுங்க. அது பாதி வழியில மலையில முட்டி அப்படியே நின்னுபோச்சு. எனக்கு ஒரிஜினலே வேணும்.”

அமெரிக்காவில் விளையாட்டுகள் விற்கும் ஓர் இன்டர்நெட் கடையைத் திறந்து காட்டினேன். அவருக்குக் கீபோர்டு பழக்கமில்லை. நான் அடித்தேன், அவர் கார்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல, பதினாறு எண்களையும் உரக்கப் படித்தார். அது எந்த மாதம்வரை செல்லும் என்பதையும் யாரும் கேட்காமலே சொன்னார். கடையில் இருந்த மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்படிச் சத்தமாப் படிக்கக் கூடாதுங்கண்ணா,” என்றேன். “யாராச்சும் மனசுல வெச்சுக்குவாங்க.”

“அடேங்கப்பா, இத்தன நெம்பர யாருங்க தம்பி மனசுல வெச்சுக்குவாங்க!”

நான் வைத்துக்கொண்டேன். அதற்கு நான் பெரிதாகச் சிரமப்படவில்லை. எண்கள் எனக்கு எப்போதும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த வாரம் அதே கடையில் அதே கார்டில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு வாங்கினேன். தயவுசெய்து இதைத் திருட்டு என்று எழுதிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். அது ஒரு பரிசோதனை. மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் வரும், அண்ணன் பார்ப்பார், ஓடி வருவார், ‘பார்த்தீர்களா, இதற்குத்தான் சொன்னேன்’ என்று விளக்கிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் வந்தார். விமானத்தை இறக்கும்போது சக்கரம் விரிய மாட்டேன் என்கிறது, அதற்கு எந்தப் பொத்தான் என்று கேட்டார். ஸ்டேட்மென்டை அவருடைய ஆபீஸ் கணக்கர் பிரித்து, வெளிநாட்டுச் செலவு ஃபைலில் துளையிட்டுக் கோர்த்துவிட்டாராம். பாடம் புரியாதவருக்கு வாத்தியார் மறுபடியும் நடத்துவதில்லையா? நானும் நடத்தினேன். ஒரு வருடத்தில் பதினான்கு முறை.

வந்த விளையாட்டுகளைப் பகல் ஒன்றரை மணிக்குமேல், கூட்டம் குறைந்த நேரத்தில், என் அறையில் உட்கார்ந்து விளையாடினேன். பிரதி எடுத்து கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தேன். இலவசமாக அல்ல. இலவசமாகக் கொடுத்தால் பொருளுக்கு மதிப்பு இருக்காது.

இனி மெஹராஜ். என் கடையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். வயது இருபத்தொன்பது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டிய கடையை ஒன்பதேகாலுக்குத் திறப்பாள். அவளுடைய அம்மா நஃபீசாவுக்குச் சர்க்கரை அதிகம், கண்ணும் மங்கல். தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டு, அவரைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் இவள் புறப்பட முடியும். வீட்டில் வேறு ஆளில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக நான் ஒருநாளும் சம்பளம் பிடித்ததில்லை. இதையும் பதிவு செய்துகொள்ளவும்.

அமெரிக்காவிலிருந்து கூரியரில் பார்சல்கள் வரும். அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி என் மேசையில் வைப்பாள். முதல் பார்சல் வந்தபோது கேட்டாள்.

“அண்ணா, இதுல என்ற பேரு போட்டிருக்குதுங்களே?”

“காலைல கடையில நீதான கண்ணு இருக்கறே. வாங்கறவங்க பேரு இருந்தாத்தான் கூரியர்காரன் குடுப்பான்.”

“அப்படீங்களா,” என்றாள். அதன்பிறகு கேட்கவில்லை. நம்பிக்கையான பெண் என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம்.

இந்த வருடம் ஆவணியில் அப்புசாமி அண்ணன் மகளுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டாரோடு பட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். சேலைகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கார்டை நீட்டியிருக்கிறார். ஜெர்மனிச் செலவும் என் பாடங்களும் சேர்ந்து அது நிரம்பியிருந்தது. கடைக்காரர் இரண்டு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, ‘வேற கார்டு இருக்குதுங்களா?’ என்று கேட்டிருக்கிறார். சம்பந்தியம்மா காதில் விழும்படி.

மறுநாள் அண்ணன் நேராக என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? ஊரில் கார்டைப் பற்றி விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

“மானம் போச்சுங்க தம்பி. யாரோ என்ற கார்டுல நல்லா வெளாடிப்போட்டாங்க.”

எவ்வளவு சரியான வார்த்தை. எனக்கே வியப்பாக இருந்தது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஸ்டேட்மென்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, பதினான்கு வரிகளையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். உங்களிடம் வந்த நான்கு பக்கப் புகாரும் நான் கைப்பட எழுதியதுதான். நல்ல புகார் என்று நீங்களே சொன்னீர்கள்.

நீங்கள் அந்த அமெரிக்கக் கடைக்கு எழுதிக் கேட்டீர்கள். பார்சல் போன முகவரியும் பெறுபவர் பெயரும் வந்தன. கூரியர் ஆபீஸ் தாள்களில் பதினான்கு கையெழுத்துகள் இருந்தன.

“இந்த மெஹராஜ் எங்கிருந்து வருது?” என்று கேட்டீர்கள்.

“உக்கடமுங்க சார்,” என்றேன்.

அதற்குமேல் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. போன வருடம் நம் ஊரில் குண்டுகள் வெடித்ததற்குப் பிறகு, அந்தப் பெயரையும் அந்தப் பகுதியையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் மீதியைத் தாமே எழுதிக்கொள்வார். நீங்கள் கணினியைப் பார்க்கவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வாங்கப்பட்டது என்று கேட்கவில்லை. பேனாவை மூடினீர்கள். உங்கள் வேலையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் நன்றிதான் சொல்கிறேன்.

அவளை அழைத்துப்போக வந்தபோது அவள் என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, நீங்க சொல்லித்தானுங்களே கையெழுத்துப் போட்டேன். இவங்ககிட்டச் சொல்லுங்கண்ணா.”

“பாவமுங்க சார்,” என்றேன் உங்களிடம். “ஊட்டுல கஷ்டம். தெரியாமச் செஞ்சிருக்கும். கொஞ்சம் பாத்து விசாரிங்க.” அன்று அவளுக்காகப் பரிந்து பேசியவன் நான் ஒருவன் மட்டுமே. அந்த வாக்கியத்தை நீங்கள் சாட்சியாக எழுதிக்கொண்டது உங்கள் இஷ்டம்.

படியிறங்கும்போது அவள் அழவில்லை. நின்று, ஒரு போன் நம்பர் சொன்னாள். “பொள்ளாச்சியில மாமா இருக்கறாங்க, முகமது யூசுப். ஒரு போன் பண்ணிப்போடுங்கண்ணா. மாமா வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிருவாங்க. காலைல ஏழரைக்கு ஊசி போடணும். மறந்துறாதீங்க.”

ஆறு எண்கள். எனக்கு மறந்துபோயிற்று.

நீங்கள் நேற்று இந்த இடத்தில் சிரித்தீர்கள். பதினாறு எண்ணை ஒரு வருடம் வைத்திருந்தவனுக்கு ஆறு எண் மறந்துவிட்டதா என்று கேட்டீர்கள். மனித மனம் விசித்திரமானது, ஐயா. தவிர, கடையில் ஒரே டெலிபோன் லைன். அது பகல் முழுக்க இன்டர்நெட்டில் இருக்கும். தவிர, பொள்ளாச்சி மாமா வந்திருந்தால் வக்கீலோடு வந்திருப்பார்.

அவளைச் சிறையில் வைத்தார்கள். நான்காம் நாள் காலை நஃபீசாம்மா கடைக்கு வந்தார். வீட்டைச் சோதனை போடப் போலீஸ் ஜீப் வந்து போனதிலிருந்து அவர்கள் சந்தில் யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் பயந்தார்களாம். கைக்குட்டையில் ஊசியையும் மருந்துப் புட்டியையும் சுற்றி வைத்திருந்தார். என் மாடிப்படியை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி ஏறியிருக்கிறார்.

“தம்பி, மெஹராஜ் எப்ப வரும்? ஊசியில கோடு எனக்குத் தெரியறதில்லீங்க. ரெண்டு நாளாப் போடவே இல்ல. நீங்க படிச்சவங்க, கோடு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

எனக்கு ஊசி என்றால் ஆகாது. தண்ணீர் கொடுத்தேன். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று சொன்னேன். பதினொன்றரைக்குச் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், சீக்கிரம் போங்கள் என்றும் சொன்னேன். அவர் இறங்கிப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கஸ்டமர்கள் அவரைத் தாண்டி வர வேண்டியிருந்தது. கடைசியில் நானே போய், ‘கொஞ்சம் வழி விடுங்கம்மா’ என்று மரியாதையாகக் கேட்டேன். எழுந்து போனார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் சந்துக்காரர்கள் அவர் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பொள்ளாச்சி மாமாவுக்கு யாரோ தகவல் சொல்லி அவர் வந்தார். அடக்கத்துக்கு மெஹராஜைப் போலீஸ் காவலில் வீட்டுவாசல்வரை கூட்டிவந்தார்கள். நானும் போயிருந்தேன், சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். கடைக்கு அரை நாள் விடுமுறை விட்டேன்.

அதற்குள் அப்புசாமி அண்ணனுக்குப் புதுக் கார்டு வந்திருந்தது. கப்பல் ஓட்டும் விளையாட்டு ஒன்று வாங்க வேண்டுமாம். இந்த முறை அவர் மிகவும் எச்சரிக்கையாக இருந்தார். பதினாறு எண்களையும் உரக்கப் படிக்கவில்லை. என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், அந்தப் புதுக் கார்டில் எனக்கும் ஒன்று வாங்கினேன். கோட்டை பிடிக்கும் விளையாட்டு. பார்சலே கிடையாது, இன்டர்நெட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம்; பணம் கட்டினால் விளையாட்டைத் திறக்கும் எண்ணை மெயிலில் அனுப்பிவிடுவார்கள். இதைத்தான் நீங்கள் பேராசை என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். மெஹராஜ் சிறையில் இருக்கும்போதே கார்டில் களவு போனால், களவாடியவள் அவளல்ல என்று எந்தப் போலீஸ்காரருக்கும் புரியும். அவளை விடுவிக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். உங்களுக்குப் புரிய இருபது நாள் ஆயிற்று.

அதுவும் அப்புசாமி அண்ணன் ஸ்டேட்மென்டைப் படித்ததால். என் போர்டில் எழுதியிருந்ததை நாட்டிலேயே ஒரே ஒருவர் கடைப்பிடித்திருக்கிறார். அதற்கு நான் பெருமைப்பட வேண்டும். நீங்கள் என் அறைக் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைத் திறந்தீர்கள். முதல் திரையிலேயே, ‘இது அப்புசாமி அவர்களுக்கு உரியது’ என்று பெரிய எழுத்தில் வந்தது. கார்டில் உள்ள பெயரைத்தான் அடிக்க வேண்டும் என்று கட்டாயம். அது திரையில் வந்து நிற்கும் என்று நான் யோசிக்கவில்லை. அண்ணன் உங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “ஏனுங்க தம்பி,” என்று மட்டும் சொன்னார்.

நேற்று மெஹராஜை விடுவித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தீர்கள். மெலிந்திருந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“என்ற பேர எதுக்குங்கண்ணா எழுதுனீங்க?”

சென்னகிருஷ்ணன் என்பது ஆங்கிலத்தில் நீளமான பெயர், பார்சல் பெறுபவர் பெயரை அடிக்கும் கட்டத்தில் அடங்கவில்லை என்றேன். அதில் முப்பது எழுத்து அடங்கும் என்று நீங்கள் எண்ணிக் காட்டினீர்கள். அவள் எதையும் எண்ணவில்லை. எழுந்து மாமாவோடு போய்விட்டாள்.

சரி, எழுதிவிடுகிறேன். முதல் பார்சலுக்குப் பணம் கட்டிய பகலிலேயே, என்றாவது பிடிபட்டால் யார் பிடிபட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். யோசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினான்கு முறையும் அவள் பெயரை நானேதான் அடித்தேன். ஊசி விஷயமும் எனக்குத் தெரியும். இதில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அவளை விடுவிக்கத்தான் கடைசி விளையாட்டை வாங்கினாய் என்றால், அதை எதற்காக நாலு நாள் உட்கார்ந்து கடைசிக் கோட்டைவரை ஆடி முடித்தாய் என்று கேட்டீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, ஐயா.