எம்பது உசுருல ஒண்ணு

விழாவுக்கா? நான் போகல தம்பி. அழைப்பு வந்துச்சு, மூணாவது வரிசையில நாற்காலி போட்டிருக்காங்களாம். உக்காந்து என்னத்தப் பாக்க? நம்ம பூசாரி தோங் இங் மேடையில, ஒடம்ப விட்டுப் போன உசுர அழைக்கிறதையா? முன்னெல்லாம் விடிய விடிய அழைப்பான். இப்ப ஏழு நிமிஷம். அதுக்குள்ள உசுரு வந்து, ஹனோய்க்காரங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடணும். அடுத்தாப்புல மூங்கில் நடனம் இருக்குல்ல.

நீ படகு மோட்டார மெதுவாவே விடு. அவசரமில்ல.

வீட்டுலயா? எம் பொஞ்சாதிக்குத்தாம்பா முடியல. அறுவடைலேருந்து ஒரு வாய் சோறு இறங்கல. கஞ்சி குடுத்தா சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிறா. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தான், படம் எடுத்தான், ஒண்ணுமில்ல வயசாயிடுச்சுன்னு அனுப்பிட்டான். அவ என்னாங்குறா தெரியுமா? உசுரு பழைய ஊருலயே நின்னுடுச்சாம். அணைக்காக ஊரக் காலி பண்ணினப்ப கதவு, ஜாடி, பன்னின்னு எல்லாத்தையும் லாரியில ஏத்தினோம். அத மட்டும் யாரும் ஏத்தலியாம்.

எல்லாம் இல்லப்பா, ஒரே ஒரு உசுரு. நீயும் எங்க தாய்தாம் இனத்துச் சனந்தானே, ஒங்கம்மா சொல்லித் தரலியா? ஒரு ஒடம்புக்கு முன்னால முப்பது உசுரு, பின்னால அம்பது, ஆக எம்பது. எங்க கட்சிக் கிளையில மொத்தமே பன்னெண்டு பேரு. கூட்டம்னா நாலு பேரு வருவான், அதுல ரெண்டு பேரு தூங்குவான், அப்பவும் தீர்மானம் நிறைவேறிடும். இங்க ஒண்ணு வரலன்னு மிச்சம் எழுபத்தொம்பதும் உண்ணாவிரதம் இருக்குது!

நானா? நான் நம்புவனா? ஊரு ஊராப் போயி, ஆவியுமில்ல பேயுமில்லன்னு துண்டறிக்கை குடுத்தவன்யா இந்தக் குவாங் பான். தோங் இங் உசுரு அழைக்கிற மணியப் பிடுங்கிக் கிடங்குல போட்டுப் பூட்டினவன். தப்புங்கிறியா? காய்ச்சல் கண்ட புள்ளைக்கு ஊசி போட விடாம கோழி அறுத்துக்கிட்டு இருந்தானுங்க. அப்பவும் நாந்தான் சரி, இப்பவும் நாந்தான் சரி. ஆனா பூட்டச் சொன்ன அதே ஆபீசு, இன்னைக்கு அந்த மணியத் தொடச்சுக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு, டிக்கெட் போட்டுக் காட்டுது. அவனுக்குப் பதக்கம். எனக்கு மூணாவது வரிசை.

அவ உசுர அழைச்சுக் குடுன்னு அவன்கிட்டயே கேட்டேம்பா. வெக்கத்த விட்டு அவன் வீட்டு வாசல்ல போயி நின்னேன். விழா முடியட்டும் அண்ணேன்னான். மரியாதையாத்தான் சொன்னான், படுபாவி. விழா முடியிற வரைக்கும் அவ தாங்கணுமே.

இங்கதான். நிறுத்து, நிறுத்து. அந்தா பாறை உச்சி தெரியுதுல்ல, அதுக்கு நேர் கீழ, தண்ணிக்குள்ளதான் எங்க வீடு.

ஊரப் பாக்கணும்னுதான் சொன்னேன், இல்லேங்கல. இந்தா, இதப் பிடி, அவ ரவிக்கை. இது முட்டை, இது சோத்துப் பொட்டலம். மடக்கி வெச்சிருக்கிறது மீன் அள்ளுற வலை. அவ உசுர நானே அள்ளிக்கிட்டுப் போயிடலாம்னு பாக்குறேன். அழைக்கிற வார்த்தையா? எல்லாம் மனப்பாடம். தடை பண்ணணும்னா முழுசாப் படிச்சாகணும்ல?

ஒண்ணுதான் எனக்கு ஆகாது. அள்ளிட்டு, வந்துட்டியான்னு கேக்கணும். கேட்ட வாயே பதில் சொல்லக் கூடாது, வேற வாய் சொல்லணும். எங்கூர்ல எவன்கிட்ட போயி நிப்பேன்? காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நீ வேத்தூரு. அதான் உன் படகாத் தேடி வந்தேன்.

நான் கேட்டதும், வந்தாச்சுன்னு சொல்லு. சும்மா வாய்க்குச் சொல்லாத தம்பி, நம்பிச் சொல்லு. எனக்கு அது வராது.