பூச்சியம் என்று பெயர்பெற்ற கிணறு

மாண்புமிகு விசாரணைக் குழுவினருக்கும், அவர்கள் வாயிலாக மனித குலத்துக்கும் ஒரு மகத்தான அறிவிப்பு: எங்கள் புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறையின் விடுதிக் கிணற்று நீர் தூய்மையானது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இதை அச்சிட்டு வருகிறோம். நல்ல வழவழப்பான தாளில்.

நான் துறைத் தலைவன். பேச உட்கார்ந்தால் நிறுத்தத் தெரியாது என்று என் மனைவி சொல்வாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வேலை முறை. சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் இங்கே முனைவர் பட்டத்துக்கு ராஜபாட்டை. எதை அளக்கவும் ஒரு பூச்சியம் வேண்டுமல்லவா? விடுதிக் கிணற்றைப் பூச்சியமாக வைத்துக்கொண்டோம். ஏன் அதை என்றால், ஆய்வகத்திலிருந்து நாற்பதடி. வெயிலில் அலைய வேண்டாம். அதைவிட எவ்வளவு கூடுதலோ, அவ்வளவுதான் மற்ற கிணற்றின் நஞ்சு. இந்தக் கணக்கில் முந்நூறு கிணறுகள் சுத்தம் என்று சான்று பெற்றன, பத்தொன்பது பேர் முனைவரானார்கள். முதல் ஆள் நான்.

அப்புறம் அந்தப் பெண் ஆய்வு மாணவியாக வந்து சேர்ந்தாள். வகுப்பில் எந்நேரமும் கையைத் தூக்குவதால் தோழிகள் வைத்த பெயர் ‘டவுட்டு’. ஒருநாள், கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த நீரைப் பூச்சியமாக வைத்து விடுதித் தண்ணீரையே அளந்திருக்கிறாள்.

“சார், நம்ம ஹாஸ்டல் தண்ணியில அனுமதிச்ச அளவைப் போல நாற்பது மடங்கு இருக்கு.”

“அளவுகோலை யாராச்சும் அளப்பாங்களாம்மா?”

“அளந்துட்டேனே சார்.”

“மெஷின் பழசு.”

“போன மாசம்தானே சார் நீங்க ரிப்பன் வெட்டுனீங்க?”

சிரித்துவிட்டேன். நகைச்சுவையை மதிப்பவன் நான்.

அவள் போனதும் ஒரு புட்டி நீரை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அறிவியல் மனப்பான்மை விடாது, பாருங்கள். முடிவு வந்தது. நாற்பது என்று அவள் சொன்னது தவறு, நாற்பத்தாறு. இளம் ஆய்வாளர்களிடம் துல்லியம் போதவில்லை என்று கருத்தரங்குதோறும் நான் புலம்புவது சும்மா இல்லை. தாளை ‘இதர’ என்ற கோப்பில் வைத்தேன். ஆசிரியர் அறைக்கு மட்டும் கேன் தண்ணீர் ஏற்பாடு செய்தேன். வயதானவர்கள், பாவம்.

என் நிலையில் இருந்து யோசியுங்கள். பூச்சியம் போனால் பத்தொன்பது ஆய்வேடுகளும் போகும். ‘முனைவர்’ என்று பித்தளையில் வெட்டி வாசலில் மாட்டியிருக்கிறார்கள். கழற்றினால் சுவரில் ஓட்டை விழும்.

இதற்குள் அவள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, விடுதி முழுக்கச் சொல்லவும் தொடங்கியிருந்தாள். கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

“உன் தீசிஸ்ல அந்தக் கிணத்து அத்தியாயத்தை எடுத்துடும்மா. கையெழுத்து நான்தானே போடணும்? உங்கம்மா வேற எத்தனை வருஷமா எதிர்பார்த்துட்டு இருக்காங்க.”

“அத்தியாயம் கிடக்கட்டும் சார். தண்ணியைக் குடிக்கலாமா? அதை மட்டும் சொல்லுங்க.”

“வெளியில குடுத்து டெஸ்ட் பண்ணிட்டேன்மா. சுத்தம். தைரியமா குடி.”

குடித்தாள். ‘சாரே டெஸ்ட் பண்ணிட்டார்’ என்று தோழிகளுக்கும் சொல்லியிருக்கிறாள். விடுதியே குடித்தது. அன்றோடு அவள் சந்தேகப்படுவதை விட்டுவிட்டாள் என்பதில்தான் எனக்கு வருத்தம். ஆய்வாளருக்கு அது அழகல்ல.

மூன்றாம் ஆண்டில் உள்ளங்கையில் கரும்புள்ளிகள் வந்தன. பிறகு ஈரல். வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாள் முன்பு இறந்தாள். விதியைத் தளர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டத்தை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களைப் பத்தித்தான் சார் எப்பவும் பேசுவா” என்றார். தலையாட்டினேன். துக்க வீட்டில் வாக்குவாதம் கூடாது.

இப்போது அந்த ‘இதர’ கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்: தெரிந்துதான் செய்தேன், நான்தான் செய்தேன். ஆனால் எதிலும் நிதானம் வேண்டும் என்பது என் கொள்கை. விசாரணை முடிவதற்குள் கிணற்றை மூடினால் தீர்ப்பை முன்கூட்டியே எழுதியதாகிவிடும் என்று உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். குழுவும் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது, நன்றி.

விடுதியில் இப்போது அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். இன்று காலையும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.