குடிக்க உகந்தது

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் முக்காலியில்தான் உட்கார்ந்தேன். குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் காட்டும் அறிக்கையில் இருப்பது என் கையெழுத்துதான். யாரும் மிரட்டி வாங்கியதல்ல.

போன கோடையில் மேட்டுத்தெருத் தொட்டியில் சாக்கடை கலக்கிறது என்று எழுதினேன். மூன்று நாள் தண்ணீரை நிறுத்தினார்கள். அந்தத் தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவர் ஒரு டம்ளர் தண்ணீரை வெயிலில் தூக்கிக் காட்டி, "பளிங்கு மாதிரி இருக்கு, கண்ணு இருக்கிறவன் பாத்துக்கோ" என்று வீடியோ போட்டார். பாட்டில் தண்ணீர் கம்பெனி எனக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகவும் சொன்னார். ஊரே பார்த்தது. கிருமி கண்ணுக்குத் தெரியாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. அதே தெருவில் குடியிருக்கும் என் தம்பியே சிரித்தான். "அத்தனை பேரும் முட்டாளு, நீ ஒருத்தன்தான் அறிவாளியாண்ணே?" என்று கேட்டான்.

மழைக்குப் பிறகு அதே தொட்டித் தண்ணீர் சோதனைக்கு வந்தது. மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்தால், கடுகைக் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டம் வளர்ந்திருந்தது. முன்னைவிடப் பத்து மடங்கு. நிதானமாக எண்ணினேன். கையைக் கழுவிவிட்டு, 'குடிக்க உகந்தது' என்று எழுதினேன்.

செல்போன் கடைக்காரர் நேரில் வந்து கைகுலுக்கினார். "இப்பதான் சார் நீங்க நேர்மையான ஆளு" என்றார். எங்கள் வீட்டுக்கும் அந்தத் தொட்டிதான். மனைவியிடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை.

செத்தது பதினான்கு பேர் என்கிறீர்கள். சரிதான். பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் கேட்டதைத்தான் கொடுத்தேன். எனக்கு யார்மேலும் கோபமில்லை.

அதில் என் தம்பி மகளும் உண்டு. இரண்டு வயது. நான் கையெழுத்துப் போட்ட நான்காம் நாள் காலை அவன் போன் செய்தான். பாப்பாவுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லையாம், ஆஸ்பத்திரியில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"குழாத் தண்ணியில கரைக்கலாமாண்ணே? நீ சொன்னா சரி."

"நல்ல தண்ணிதான். குடு" என்றேன்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. என் சொல்லை அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.