கூர்ப்பா, பரிணாமமா?

அற்புதமணி: ஒரு சொல்லுக்காகவா அச்சு மெஷினை நிறுத்தி வச்சிருக்கீங்க, தேவபிரசாதம் சார்? அண்ணாச்சி மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க...

தேவபிரசாதம்: ஒரு சொல்லுதானேன்னு சொல்லாதீங்க, டீச்சர். பாடத்தோட தலைப்பே அதான்.

பால்துரை: தலைப்போ வாலோ... சட்டுன்னு சொல்லுங்க. நாலு மணிக்கு கரண்டை நிப்பாட்டிருவான். பொறவு உங்க விலங்கியல் புஸ்தகத்துக்கு மெஷினைக் கையாலயா சுத்த?

அற்புதமணி: 'பரிணாமம்'னே போடுங்க, அண்ணாச்சி.

தேவபிரசாதம்: போடாதீங்க. 'கூர்ப்பு'.

பால்துரை: கூர்ப்பா? அது என்னது, அருவா தீட்டுததா?

அற்புதமணி: அப்படிக் கேளுங்க! நாசரேத்துல நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதைத்தான் கேக்கும். சார் சின்ன வயசுல கொழும்புல படிச்சவரு. அங்க பாடப்புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குமாம்.

தேவபிரசாதம்: கொழும்புன்னா என்ன, தமிழ்தானே? கோயில்ல பைபிள்ல 'அன்பு கூர்ந்து'ன்னு வாசிக்கோமே... அந்தக் கூர்தான். கூர்தல்னா மிகுதல். உள்ளது கொஞ்சங் கொஞ்சமா... தனக்கே தெரியாம... மிகுந்துகிட்டுப் போறது.

பால்துரை: நல்லாத்தான இருக்கு! எங்கிட்ட வேற 'ணா' அச்செழுத்து தேஞ்சுபோய்க் கெடக்கு.

அற்புதமணி: நீங்க எந்தப் பக்கம், அண்ணாச்சி? பரிணாமத்துக்கு என்ன கொறைச்சல்?

தேவபிரசாதம்: அது வடமொழி. 'நம்'னா வளையிறது. வளைஞ்சு வளைஞ்சு வேற ஒண்ணா ஆயிர்றது. பால் தயிராகுத மாதிரி.

அற்புதமணி: ஆகட்டுமே! இங்கிலீஷ்ல எவல்யூஷன்னா சுருட்டி வச்ச ஏட்டை விரிக்கிறது, லத்தீன்ல இருந்து வந்ததுன்னு நீங்கதான சொன்னீங்க? விரிச்சாத்தான சார் வாசிக்க முடியும்? உள்ளுக்குள்ளயே மிகுந்துகிட்டு... வாயத் தொறக்காம இருந்தா யாருக்குத் தெரியும்?

தேவபிரசாதம்: நீங்க... பாடத்தைத்தானே சொல்லுதீங்க?

அற்புதமணி: வேற எதை?

பால்துரை: நான் போய் டீ சொல்லிட்டு வாரேன். அதுக்குள்ள ஒரு முடிவு பண்ணுங்க. சாருக்கு நாளைக்கு ஜாம்பியா பயணம். ஆப்பிரிக்காவுல இருந்தா வந்து எனக்கு புரூப் பாப்பாரு?

அற்புதமணி: ...பெட்டியெல்லாம் கட்டியாச்சா?

தேவபிரசாதம்: ம்...

அற்புதமணி: அங்க ராத்திரியில குளிருமாமே. கம்பளி ஒண்ணு...

தேவபிரசாதம்: டீச்சர், அந்தச் சொல்லு...

அற்புதமணி: கூர்ப்புன்னே இருக்கட்டும். நாளைக்கு ஊரை விட்டுப் போறவர்கூட என்ன மல்லுக்கட்டு?

தேவபிரசாதம்: அப்படி விட்டுக்குடுத்தா எனக்கு வேண்டாம். பரிணாமம்னே போடுவோம்.

அற்புதமணி: இவ்வளவு நேரம் சண்டை போட்டுட்டு இப்ப... என்ன சார், வந்ததுல இருந்து அங்கயும் இங்கயுமா நடந்துகிட்டே இருக்கீங்க? உக்காருங்க.

தேவபிரசாதம்: முடியல. இங்க துறைமுகத்துல கப்பல் ஊதுனாக்கூட தூக்கிவாரிப் போடுது.

அற்புதமணி: பயணம்னா பயமா?

தேவபிரசாதம்: பயணம் இல்ல... வேற...

அற்புதமணி: சொல்லுங்களேன்.

தேவபிரசாதம்: ரெண்டு பேரும் சேந்துதான் உக்காந்து இந்தப் புஸ்தகத்தை எழுதுனோம். ஒரு பாடம்... அடுத்த பாடம்... அப்பல்லாம் எனக்கு ஒண்ணும் தோணல. ஜாம்பியாவுல பள்ளிக்கூடத்து வேலைன்னு உத்தரவு வந்த அன்னைக்கு, வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வரல. ஏன் வரலன்னு யோசிச்சேன்...

அற்புதமணி: யோசிச்சு?

பால்துரை: டீ வந்தாச்சு! முடிவு வந்தாச்சா?

அற்புதமணி: ஐயோ, அண்ணாச்சி! கொஞ்சம் பொறுங்களேன்...

பால்துரை: இன்னுமா? கூர்ப்பா, பரிணாமமா?

தேவபிரசாதம்: ரெண்டையும் போடுங்க! ஒண்ணு மேல, ஒண்ணு கீழ.

பால்துரை: எது மேல... சரி, சரி, நான் கேக்கல. கண்ணால முறைக்காதீங்க, டீச்சர். நான் மெஷின் பக்கம் போறேன்.

அற்புதமணி: யோசிச்சு என்ன செஞ்சீங்க, சார்?

தேவபிரசாதம்: அற்புதம்... நான் போகல. காலையில இங்க வரும்போதே, வேலை வேண்டாம்னு தந்தி அடிச்சிட்டேன்.

அற்புதமணி: அடப்பாவி மனுஷா! நீங்க வாயத் தொறக்கக் காணுமேன்னு, வீட்டுக்குத் தெரியாம நானும் அதே பள்ளிக்கூடத்துக்கு எழுதிப்போட்டு... அடுத்த மாசம் வந்து சேருன்னு எனக்கும் உத்தரவு வந்தாச்சு! டீய அப்படியே வைங்க... வாங்க, தந்தியாபீசு மூடுததுக்குள்ள 'வாரேன்'னு இன்னொண்ணு அடிப்போம்!