ஒரு சொட்டும் இறங்கவில்லை

“இல்லை ஐயா, எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீரைத் தடவினால் போதும், கண்ணாடி தானாக வழுக்கி உட்காரும்.”

உங்கள் காரும் மழையில் ஒழுகுகிறது என்றீர்களே, அதனால் சொன்னேன். இனி ஸஹாரி விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் என் தங்கை நெவெனாவின் கணவர். அந்தப் பழைய கார் அவருடையது. அதைப் பழுதுபார்த்தவன் நான். இந்த வசந்தத்தில் பிளோவ்டிவ் நகரில் நடந்த பழைய கார்களின் ஊர்வலத்தில் மழை வந்தது. அவர் மடியில் தண்ணீர் சொட்டியது. வண்டியை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டார்.

“வந்து பாருங்கப்பா. எங்க மச்சான் மெதோடி கண்ணாடியா மாட்டியிருக்கான்? ஷவரை மாட்டியிருக்கான். அடுத்த தடவ துண்டோட வாங்க.”

நெவெனாவும் சிரித்தாள். பயத்தில்தான் சிரித்திருப்பாள். அவளுக்காகத்தான் இதைச் செய்தேன், வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் முன்கண்ணாடிக்கும் கதவுகளுக்கும் புது ரப்பர் போட்டேன். சோதனைக்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்ப்பார், மற்றவர் வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடிப்பார். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். கதவுகளின் உள்கைப்பிடிகளையும் ஜன்னல் இறக்கும் கைப்பிடிகளையும் அவரே கழற்றி முலாம் பூசக் கொடுத்திருந்தார். வெளியிலிருந்து நான் திறந்தால்தான் உண்டு.

“இன்னிக்கும் ஒழுகுச்சுன்னா உன்னை வச்சே துடைப்பேன் மச்சான்” என்றபடி ஏறினார்.

“உட்காருங்க மாப்ள. நல்லாப் பாருங்க.”

ஒரு சொட்டும் இறங்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் குழாயை மூடினேன். கதவைத் திறக்கவில்லை.

நல்ல ரப்பர் தண்ணீரை மட்டுமா தடுக்கும்? காற்று நுழையாது, குரல் வெளிவராது. முற்றத்தில் நடுப்பகல் வெயில். அவருக்கு இதயம் பலவீனம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்திருப்பார். பிறகு திட்டினார். பிறகு கெஞ்சினார்.

அவர் வெளியே வந்திருக்கலாம், ஐயா. ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பட்டையை நான் இன்னும் போடவில்லை. இரண்டு காலாலும் ஓர் உதை விட்டால் கண்ணாடி கழன்று விழுந்திருக்கும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அது கார் பிறந்த காலத்து அசல் கண்ணாடி. அவர் பல வருடம் தேடி, ரூஸே நகரில் ஒரு விதவையிடம் வாங்கி, மெத்தையில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது.

ஒருமுறை கால்களைத் தூக்கினார். கீறல் விழுமே என்று முதலில் ஷூக்களைக் கழற்றினார். உள்ளங்கால்களைக் கண்ணாடியில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கால்களை இறக்கிக்கொண்டார். நான் வருவேன் என்று நம்பினார். உதைக்கமாட்டார் என்று நானும் நம்பினேன்.

அவருக்கு நேரெதிரே, திராட்சைப் பந்தல் நிழலில், குளிர்ந்த தயிர் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் தலை சாயும்வரை பார்த்தேன். அதன் பிறகும் நான் எழவில்லை.

சந்தையிலிருந்து வந்த நெவெனா சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினாள். “கண்ணாடிய உடைச்சிராதம்மா, கதவு பூட்டல” என்றேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் பந்தலடியில் தூங்கிவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். என்னைக் கொடூரமானவன் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. நீங்கள் சொன்னால் நம்புவாள்.

சொல்வீர்களா, ஐயா?